இடப்பக்கம் திரும்பவும்

தக்கலை ஃபைனான்ஸ் யார்டில்
மூன்று மழை நனைந்து கிடந்த வண்டி.
டயர் நாலும் மாற்றினேன், பேட்டரி மாற்றினேன்.
பின்சீட்டில் ஒட்டிய செம்பட்டை மயிர்
எத்தனை வாட்டர் சர்வீசுக்கும் போகவில்லை. போகட்டும்.
மாற்றவே முடியாதது
டேஷ்போர்டில் பதித்த அந்தத் திரை.
அதற்குள் இருக்கிறவள்.

அவளுடைய ஜில்லாவுக்கு வயது ஒன்பது.
அதற்குப் பிறகு போட்ட ரோடு எதையும் ஒப்புக்கொள்ளமாட்டாள்.
நாலுவழிச் சாலையில் ஏறினால்
திரையில் என் வண்டி
குளத்துக்குள் இறங்கி, வாழைத்தோட்டம் நீந்தி,
இன்னொரு குளத்தில் கரையேறும்.
'சாலைக்குத் திரும்பவும்' என்பாள்,
நனையாத என்னிடம்.
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் உச்சியில்
காற்று முகத்தில் அடிக்கும்போது
கீழே மீன்சந்தைக்குள் நிறுத்திவைப்பாள்.
குழித்துறை அவள் வாயில் குஸிதுரை.
திங்கள்சந்தை என்று தேடினால்
தெரியாது; மண்டே மார்க்கெட் என்றால்
சென்னையில் ஒரு கடையைக் காட்டுவாள்.

ஓடும்போது தொட்டால், பாதுகாப்பு கருதி அனுமதியில்லை.
நிறுத்திவிட்டுத் தொட்டால் உறைந்துபோவாள்.
எத்தனை தரம் சத்தத்தைக் குறைத்தாலும்
சாவி போட்டதும் பதினேழில் வந்து நிற்பாள்.

'மேப் புதுசாக்கப் பதினெட்டாயிரம் மேடம்,
பழைய ஓனர் போட்ட நாலு நம்பரும் வேணும்.'
பூஜ்யம் நாலு போட்டேன்.
ஒன்று இரண்டு மூன்று நாலு போட்டேன்.
வண்டி நம்பர் போட்டேன், கோபத்தில்
என் கல்யாண வருஷம்கூடப் போட்டேன்.
ஒரு மணிநேரம் பூட்டிக்கொண்டாள்.

அவளுக்கு வீடு என்று ஒன்று தெரியும்.
அது என் வீடு அல்ல.
நாகர்கோவிலில் லேப் பூட்டி
கையில் ஸ்பிரிட் வாடையோடு நான் வரும் ராத்திரிகளில்
அழகியமண்டபத்துக்கு முன்னால் தொடங்குவாள்:
'நானூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்.'
நான் நேரே போவேன்.
சாமியார்மடத்தில், 'முடிந்தால் திரும்பவும்.'
இரவிபுதூர்க்கடையில், 'திரும்பவும்.'
பம்மத்தில் திரும்பவும் திரும்பவும்.
அது ஏவலா, மறுபடியுமா,
தமிழுக்கே தெரியாத இடத்தில்
அவள் நின்றுகொண்டிருப்பாள்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
ஜல்லி டிப்பர் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே சரிந்து
ஹார்ன்களெல்லாம் ஓய்ந்துபோன வரிசையில்
முக்கால் மணிநேரம்.
போனில் சார்ஜ் இல்லை.
'இடப்பக்கம்' என்றாள்.
சரி, போ.

ஒரு வளைவும் தப்பவில்லை.
ரப்பர் தோட்டத்துக்கு இடையில் ஒரு இறக்கம்,
குருசடி, சானல் பாலம்,
எதிரே சைக்கிள் வந்தால் யாராவது ஒருவர்
பின்னால் போகவேண்டிய சந்து.
அத்தனையும் அங்கேயே, அவள் சொன்ன மீட்டரிலேயே இருந்தன.
'சேருமிடம் வலப்பக்கம்.'

எஞ்சினை அணைக்குமுன்
கேட்டுக்கு அடியில் நுழைந்து வந்தது
செம்பட்டை நிறத்தில் ஒரு நாய்.
குரைக்கவில்லை.
நேராகப் பின்கதவுக்குப் போய்
முன்னங்கால்களைக் கண்ணாடியில் வைத்து
நின்றது, திறப்பார்கள் என்று.

டார்ச்சோடு வந்தவர்
என்னைப் பார்க்கவில்லை, நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.
பென்சிகர். ஆர்சி புத்தகத்தில்
அடித்துவிட்ட பெயர்.
'வழி தப்பிட்டேன்' என்றேன்.
பொய்தான், ஆனால் வேறு என்ன சொல்ல.
'லேய், எறங்குலே' என்றார் நாயிடம்.
அது இறங்கவில்லை.
வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் கேட்டார்:
'ஏசில இப்பளும் வெள்ளம் சொட்டுதா,
இடத்துப் பக்கம்?'
'சொட்டுது.'
'அது அப்பிடித்தான்.'

நாயைத் தூக்கிக்கொண்டு
ரிவர்ஸ் எடுக்க வழி சொன்னார்.
ஒடி, ஒடி, இன்னும் கொஞ்சம், மதில் உண்டு, நேரே விடு.
அந்தச் சந்தில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த நாலு நம்பர்.
கேட்க மறந்தேன் என்பது
மேம்பாலத்தில் ஏறும்போதுதான் உறைத்தது.
அதற்குள் அவள் கணக்கில் நான்
மீன்சந்தைக்குள் நின்றுகொண்டிருந்தேன்.